பெரிய தோட்டத்துக்கு எந்தப் புல்வெட்டி? முரட்டு மூலையிலிருந்து ஓர் ஒப்பீடு

பெரிய தோட்டம் வைத்திருப்பவர் ஏறி அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி ஒன்றை வாங்குவதென்று முடிவெடுத்ததும் முதலில் கேட்பது, அது எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு அகலத்துக்கு வெட்டும் என்பவற்றைத்தான். விளம்பரத் தாள்களும் அவ்விரண்டையுமே கொட்டை எழுத்தில் அச்சிடுகின்றன. சில ஆண்டுகள் இத்தகைய இயந்திரங்களோடு மல்லுக்கட்டிய பிறகு எனக்குத் தோன்றுவது, அவ்விரண்டும் கடைசியில் கேட்க வேண்டிய கேள்விகள் என்பதே. தோட்டத்தில் எங்கே சரிவு அதிகம், எங்கே வழி குறுகல், எங்கே மரங்கள் நெருக்கம், மழை விட்ட பிறகும் எங்கே மூன்று நாள் தண்ணீர் நிற்கிறது என்பவைதாம் இயந்திரத்தைத் தீர்மானிக்கின்றன. சமதளமாகத் திறந்து கிடக்கும் இடத்தை எந்தப் புல்வெட்டியும் வெட்டிவிடும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடு, முரடான மூலைக்குள் நுழையும்போதுதான் வெளிப்படுகிறது.

இதை நான் கற்றது வாங்கிய பிறகு. முதலில் வாங்கியது 107 செ.மீ. டெக் கொண்ட, வெட்டிய புல்லைப் பக்கவாட்டில் தள்ளும் டிராக்டர் வகை. பிளேடுகளை மூடியிருக்கும் கவிழ்ந்த இரும்புத் தட்டைத்தான் டெக் என்கிறார்கள். அதன் அகலமே ஏறத்தாழ வெட்டும் அகலம். முன் தோட்டத்துக்கும் பின் தோட்டத்துக்கும் இடையிலிருந்த கதவு 120 செ.மீ. அகலம். 13 செ.மீ. மிச்சமிருக்கிறது என்று கணக்குப் போட்டிருந்தேன். வண்டி வந்து இறங்கிய அன்று மாலைதான், புல்லை வெளியே தள்ளும் பிளாஸ்டிக் மூக்கு வலப்பக்கம் இன்னும் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. அதன்பின் ஒவ்வொரு முறையும் பிளேடை நிறுத்தி, இறங்கி, அந்த மூக்கை மேலே மடக்கிக் கயிற்றால் கட்டி, கதவைக் கடந்து, மறுபடியும் இறங்கி அவிழ்த்துவிடுவது வழக்கமாயிற்று. அவிழ்க்காமலே வெட்டினால் என்ன என்று சில நாள் சோம்பல் எழும். பிளேடின் நுனி விநாடிக்கு 90 மீட்டரை நெருங்கும் வேகத்தில் சுழல்கிறது. அதில் பட்டுக் கிளம்பும் கூழாங்கல்லைத் தரையோடு அடக்குவது அந்த மூக்குதான் என்பதால், சோம்பலுக்கு இடம் கொடுக்கவில்லை. ஆகவே வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியது டெக்கின் அகலத்தை மட்டுமன்று, இயந்திரத்தின் மொத்த அகலத்தை. அதையும் உங்கள் தோட்டத்தின் மிகக் குறுகிய வழியோடு ஒப்பிட்டு.

அகலமும் நேரமும்

வெட்டும் அகலம் கூடக் கூட நேரம் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் மிச்சமாகும் நேரம் வரவரச் சுருங்குகிறது. ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். கையால் பிடித்து நடந்து செல்லும் 53 செ.மீ. புல்வெட்டியை மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் ஓட்டி, ஒவ்வொரு வரிசையிலும் 5 செ.மீ. மேல்படிய வெட்டி, திரும்புவதற்கும் வளைவதற்கும் கால் பங்கு நேரத்தைக் கழித்தால், ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 2 மணி 50 நிமிடம் ஆகும். ஏறி ஓட்டும் சிறிய வகையில், 76 செ.மீ. டெக்கோடு மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் சென்றால் 1 மணி 16 நிமிடம். அதே வேகத்தில் 107 செ.மீ. டெக் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவாக முடித்துவிடும், 137 செ.மீ. டெக் 41 நிமிடத்தில் முடிக்கும். நடையிலிருந்து சிறிய வகைக்கு மாறும்போது ஒன்றரை மணி நேரம் மிச்சமாகிறது. 107-இலிருந்து 137-க்குத் தாவும்போது கிடைப்பதோ கால் மணி நேரம்கூட இல்லை. அந்தக் கால் மணிக்காகப் பெரிய கொட்டகையும் அகலமான கதவும் வேண்டியிருக்கிறது, மரங்களுக்கிடையே நுழையும் வசதியும் போய்விடுகிறது.

மேடு பள்ளமான தரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அகலமான டெக்கின் ஓர் ஓரம் மேட்டின் மீது ஏறும்போது மறு ஓரம் காற்றில் நிற்கும். ஒரு பக்கம் மண் தெரியச் சுரண்டப்பட்டு, மறுபக்கம் புல் உயரமாகவே நின்றுவிடும். டெக்கின் விளிம்பில் பொருத்தப்படும் சிறு உருளைகள் இதைக் கொஞ்சம் தணிக்குமே தவிரத் தீர்க்காது. ஆகவே ஓர் ஏக்கர் வரை, தரை சீராக இல்லாவிட்டால் 90 முதல் 107 செ.மீ. வரையிலான டெக்கே போதும் என்பது என் கருத்து. அரை ஏக்கருக்குக் குறைவான புல்வெளிக்கு ஏறி ஓட்டும் இயந்திரமே தேவையா என்று ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கலாம். தானே நகரும் சக்கரங்கள் கொண்ட, பின்னால் நடந்து செல்லும் புல்வெட்டி அதைச் செய்துவிடும், இடத்தையும் அடைக்காது.

சரிவை அளப்பது

சரிவைக் கண்ணால் மதிப்பிடுவோர் ஏறக்குறைய எல்லோரும் தவறுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் ஓர் அளவும் கீழிருந்து பார்த்தால் வேறோர் அளவும் தோன்றும். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான பலகை, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம், ஓர் அளவுநாடா ஆகியவை போதும். பலகையின் ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கத் தரையில் ஊன்றி, ரசமட்டத்தின் குமிழ் நடுவுக்கு வரும்வரை மறு முனையை உயர்த்திப் பிடித்து, அந்த முனைக்கும் கீழேயுள்ள தரைக்கும் இடைவெளி எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள். 18 செ.மீ. என்றால் சரிவு 10 டிகிரி, 27 செ.மீ. என்றால் 15 டிகிரி, 36 செ.மீ. என்றால் 20 டிகிரி. டிராக்டர் வகையின் கையேடுகள் பெரும்பாலும் 15 டிகிரியை எல்லையாக வைக்கின்றன. நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பும் ஜீரோ டர்ன் வகையில் சில 10 டிகிரியோடு நிறுத்திவிடுகின்றன. எங்கள் தோட்டத்தின் பின் மூலையில் நான் அளந்தபோது 40 செ.மீ. வந்தது, அதாவது 22 டிகிரி. அந்த மூலையை அதற்கு முன் பலமுறை நான் ஏறி ஓட்டி வெட்டியிருந்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் உள்ளூர ஒரு நடுக்கம் ஓடுகிறது.

டிராக்டர் வகையைச் சரிவில் மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும், குறுக்காக ஓட்டக்கூடாது. நடந்து செல்லும் புல்வெட்டிக்கு இதற்கு நேர்மாறு. பின்னால் புல் சேகரிக்கும் பெட்டி நிரம்பியிருந்தால் கணக்கு இன்னும் மாறும்: ஈரப்புல் நிறைந்த பெட்டியோடு மேலேறும்போது ஓர் ஆள் பின்னால் தொற்றிக்கொண்டு வருவது போலாகி முன்சக்கரங்கள் லேசாகிவிடும், ஸ்டியரிங் சொன்னதைக் கேட்காது.

எந்த வகை, எந்தத் தோட்டத்துக்கு

டிராக்டர் வகை எல்லோருக்கும் தெரிந்தது: முன்னால் எஞ்சின், பின்னால் இருக்கை, நடுவில் வயிற்றுக்கடியில் டெக். ஓட்டக் கற்பதற்குப் பத்து நிமிடம் போதும். சிறு இழுவண்டியைப் பின்னால் மாட்டிக்கொண்டு மண்ணும் உரமும் இழுக்கலாம். குறை என்னவென்றால், ஒரு மரத்தைச் சுற்றி ஒரே வட்டத்தில் வெட்டிவிட முடியாது. முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று முறை நகர்த்த வேண்டும், அப்போதும் அடிமரத்தை ஒட்டி ஒரு வளையம் மிஞ்சும். இதே தோற்றத்தில், ஆனால் கனமான அச்சும் பெரிய பின்சக்கரங்களும் கொண்ட தோட்ட டிராக்டர் என்றொரு வகை உண்டு. உழுவதற்கும் மண் தள்ளுவதற்கும் ஆனது அது. புல் மட்டுமே வெட்டுவதென்றால் அதன் எடை புல்தரையை அமுக்குவதற்கே பயன்படும். எஞ்சினை இருக்கைக்குப் பின்னால் வைத்த, 76 செ.மீ. அகலமே கொண்ட குட்டி வகை, குறுகிய கதவும் அரை முதல் முக்கால் ஏக்கர் புல்லும் உள்ளவர்களுக்கு நல்ல தேர்வு. அதைப்பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஜீரோ டர்ன் வகைதான் இன்று எல்லோரையும் மயக்குகிறது. ஸ்டியரிங் வட்டம் பெரும்பாலும் கிடையாது. தொடைகளுக்கு மேல் இரண்டு நெம்புகோல்கள் இருக்கும். இடதுகை இடப் பின்சக்கரத்தையும் வலதுகை வலப் பின்சக்கரத்தையும் தனித்தனியே இயக்கும். ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் தள்ளினால் இயந்திரம் நின்ற இடத்திலேயே சுழலும். முப்பது நாற்பது மரங்களும் பூப்பாத்திகளும் சிதறிக் கிடக்கும் சமதளத் தோட்டத்தில் இது டிராக்டரைவிட மிக விரைவாக வேலையை முடிக்கும். திரும்புவதில் வீணாகும் நேரம் ஏறக்குறைய இல்லாமற் போகிறது. ஆனால் மணிக்கு 10 கி.மீ.க்கு மேல் ஓடும் என்ற விளம்பரத்தை நம்பிக் கணக்குப் போடுவதற்கு முன், உங்கள் தரையில் அந்த வேகத்துக்கு உங்கள் இடுப்பு ஒத்துக்கொள்ளுமா என்று பாருங்கள். சமன் செய்யாத தரையில் எவரும் 6, 7 கி.மீ.க்கு மேல் தொடர்ந்து ஓட்டுவதில்லை. நின்ற இடத்தில் சுழலும்போது உட்பக்கச் சக்கரம் புல்லைத் திருகிப் பிய்த்துவிடும் என்பதையும் வாங்கிய முதல் வாரத்திலேயே வரிசை முனைகளில் காணலாம். ஆங்கில ஒய் எழுத்தைப் போல மூன்று அசைவில் திரும்பப் பழகிக்கொண்டால் அது குறையும், கூடவே அந்த வகையின் பெருமையிலும் கொஞ்சம் குறையும்.

சரிவில் இதன் குணம் வேறு. முன்னாலிருக்கும் இரண்டு சக்கரங்களும் நாற்காலிச் சக்கரங்களைப் போலத் தாமாகவே திரும்புபவை. அவற்றால் திசையைப் பிடிக்க முடியாது. ஓட்டம், திசை, பிரேக் மூன்றுமே பின்சக்கரங்களின் பிடியைத்தான் நம்பியிருக்கின்றன. பனி காயாத ஒரு காலை, நண்பருடைய ஜீரோ டர்னை அவர் தோட்டத்தில் ஓட்டிப் பார்த்தேன். குளத்தை நோக்கி இறங்கும், கண்ணுக்குச் சாதுவான சரிவு அது. பாதி இறங்கியதும் நெம்புகோல்களை நடுவுக்கு இழுத்தேன். சக்கரங்கள் நின்றன, இயந்திரம் நிற்கவில்லை. ஈரப்புல்லின் மேல் பலகை வழுக்குவது போல அது தன்பாட்டில் இறங்கியது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான். குளத்துக்கு நான்கு அடி முன்னால் வேலிப்புதர் ஒன்று தாங்கிக்கொண்டது. பின்சக்கரம் வழுக்கிவிட்டால் இவ்வகையில் திருப்பும் வழியும் நிறுத்தும் வழியும் ஒரே கணத்தில் பறிபோகின்றன என்பது அப்போது கைகளுக்குப் புரிந்தது. நீர்நிலையோ, தடுப்புச்சுவரின் மேல் விளிம்போ, பள்ளமோ அருகிலிருக்கும் சரிவான தோட்டத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்பு வளைவு பல மாடல்களில் உண்டு. அது இருக்கும்போது இருக்கைப் பட்டியையும் கட்டியிருந்தால்தான் அதற்குப் பொருள்.

பலர் பார்க்காமலே கடந்துபோகும் வகை ஒன்று உண்டு: டெக்கை ஓட்டுபவரின் கால்களுக்கு முன்னால் வைத்திருக்கும் வகை. ஹஸ்க்வர்னாவின் ரைடர் வரிசையும் ஸ்டீகாவின் பார்க் வரிசையும் இதற்கு எடுத்துக்காட்டுகள். இவற்றில் இயந்திரமே நடுவில் மடிந்து திரும்புவதால் மரத்தை இறுக்கமாகச் சுற்ற முடிகிறது. டெக் முன்னால் நீண்டிருப்பதால் தாழ்ந்த கிளைகளின் அடியிலும், பெஞ்சின் கீழும், வேலியின் அடியிலும் அதை மட்டும் நுழைத்து வெட்டிவிட்டுப் பின்வாங்கலாம். டிராக்டர் வகையில் அதே இடத்தை வெட்ட உங்கள் தலைதான் முதலில் கிளையில் மோதும். நான்கு சக்கரங்களும் இழுக்கும் மாடல்களும் இவ்விரு வரிசைகளிலும் கிடைக்கின்றன. சரிவும் ஈரமும் சேர்ந்த தோட்டத்துக்கு அவை பெரும் உதவி. பல மாடல்களில் டெக்கைச் செங்குத்தாக நிமிர்த்திக் கழுவிவிட முடியும். பழகும்வரை ஒரே ஒரு தொல்லை: திரும்பும்போது இயந்திரத்தின் பின்பகுதி வெளிப்பக்கமாக வீசும். சுவரை ஒட்டி வெட்டிக்கொண்டே அதைவிட்டு விலகத் திருப்பினால் பின்புறம் சுவரில் உரசும். அதே டெக் அகலமுள்ள டிராக்டரைவிட இது பெரும்பாலும் விலை கூடியது. மரமும் புதரும் சரிவும் கலந்த தோட்டத்துக்கு அந்தக் கூடுதல் விலை வீணன்று என்பேன், திறந்தவெளிக்கு வீண்தான்.

விற்பவர் பேசாத பகுதி

எஞ்சினைப் பற்றி விற்பவர்கள் நிறையப் பேசுவார்கள், எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் பெட்டியைப் பற்றிப் பேசமாட்டார்கள். என் பார்வையில் அதுதான் இயந்திரத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. பழைய முறையில் கியர் கைப்பிடியும் கிளட்சும் இருக்கும். எளியது, மலிவானது, நீண்ட நாள் உழைக்கும், ஆனால் மரத்துக்கு மரம் நின்று கியர் மாற்றும் எரிச்சல் உண்டு. இன்று பெரும்பாலும் விற்பது ஹைட்ரோஸ்டாட்டிக் முறை: பம்பு ஒன்று எண்ணெயை அழுத்த, அந்த அழுத்தத்தால் மோட்டார் சுழன்று சக்கரத்தைத் திருப்பும். பெடலை மெல்ல அழுத்தினால் மெல்லப் போகும், விட்டால் நிற்கும். தோட்ட வேலைக்கு இதைவிடச் சுகமானது இல்லை.

இதன் பகை சூடு. சரிவில் ஏறும்போதும் பாரம் இழுக்கும்போதும் எண்ணெய் சூடேறி நீர்த்துப்போகிறது. நீர்த்த எண்ணெய் உள்ளுக்குள்ளேயே கசிந்து அழுத்தத்தை இழக்கிறது. காலையில் ஏறிய அதே மேட்டில் அரைமணி நேரத்துக்குப் பின் இயந்திரம் பாதி வழியில் முனகிக்கொண்டு நின்றுவிட்டால், குறை எஞ்சினில் இல்லை, இங்கேதான். ஹைட்ரோ-கியர், டஃப் டார்க் போன்ற நிறுவனங்கள் இப்பெட்டிகளைப் பல தரங்களில் செய்கின்றன. ஒரே நிறுவனத்தின் லேசான பெட்டி சமதளத்துக்கும், கனமான பெட்டி பாரமிழுப்பதற்கும் ஆனவை. வெளித்தோற்றத்தில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு டிராக்டர்களுக்கு இடையே விலை வேறுபாடு அதிகமாக இருந்தால், அதற்கு இந்தப் பெட்டியே காரணமாக இருக்கக்கூடும். எனவே கேட்க வேண்டியவை: பெட்டியின் மாடல் எண் என்ன, அது பாரம் இழுக்க அனுமதிக்கப்பட்டதா, எண்ணெயும் வடிகட்டியும் மாற்றத்தக்கவையா அல்லது ஆயுளுக்கும் மூடி முத்திரையிடப்பட்டதா. இக்கேள்விகளுக்கு விடை சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குவது நல்லது.

எஞ்சினைப் பொறுத்தவரை குதிரைத்திறன் எண்ணை அவ்வளவாகப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஒற்றை சிலிண்டரா, இரட்டை சிலிண்டரா என்பது மேலும் பயனுள்ள கேள்வி. இரட்டையில் அதிர்வு குறைவு, அடர்ந்த புல்லில் மூச்சுத் திணறாது. எண்ணெய் வடிகட்டி உள்ளதா என்றும் பாருங்கள். புதிய எஞ்சினில் பொதுவாக முதல் 5 முதல் 8 மணி நேரத்துக்குள் எண்ணெய் மாற்றச் சொல்வார்கள், பிறகு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை. பெரும்பாலோர் அந்த முதல் மாற்றத்தைத் தவறவிடுகிறார்கள்.

டெக்கின் தகட்டிலும் ஒரு கண்கட்டு உண்டு. தடிமனைக் கேஜ் எண்ணில் சொல்வார்கள். எண் குறையக் குறையத் தகடு தடிக்கும். 10 கேஜ் தகடு 3.4 மி.மீ.; 13 கேஜ் 2.3 மி.மீ. தான். ஒரே தகட்டை அச்சில் அழுத்தி வடித்த டெக், வளைவுகள் சீராக இருப்பதால் புல்லை நன்றாகத் தூக்கி வெட்டும். தகடுகளைப் பற்றவைத்துக் கட்டிய டெக் வேரிலும் கல்லிலும் மோதினாலும் தாங்கும். வீட்டுத் தோட்டத்துக்கு முதலாவது போதும், ஆனால் வேலை முடிந்ததும் அடியில் ஒட்டிய புல்லைச் சுரண்டிவிட வேண்டும். ஈரப்புல்லை அப்படியே விட்டுவைத்த டெக், எஞ்சின் ஓய்வதற்கு முன்பே துருவேறி ஓட்டையாகிவிடும்.

வெட்டிய புல் எங்கே போகிறது

இந்தக் கேள்வியை நான் இவ்வளவு பின்னால் வைத்திருந்தாலும் வாங்குபவர் முன்னதாகவே தீர்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் டெக்கின் வடிவமே இதைப் பொறுத்தது. பக்கவாட்டில் தள்ளும் டெக், மூன்று வாரம் விட்டுப்போன உயர்ந்த புல்லையும் திணறாமல் வெட்டும். ஆனால் நடைபாதையிலும் பூப்பாத்தியிலும் புல் சிதறும். பின்பக்கம் தள்ளும் டெக்கில் இரண்டு பிளேடுகள் எதிரெதிராகச் சுழன்று, பின்சக்கரங்களுக்கு நடுவிலுள்ள குகை வழியே புல்லைப் பெட்டிக்கு அனுப்பும். மூக்கு கிடையாது என்பதால் இயந்திரத்தின் அகலம் டெக்கின் அகலத்தோடு நின்றுவிடும், சுவரின் ஓரத்தை இருபுறமும் ஒட்டி வெட்டலாம். ஈரமாக இருந்தால் அந்தக் குகை அடைத்துக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, குச்சியால் குடைந்தெடுக்க வேண்டியிருக்கும். பெட்டி 250, 300 லிட்டர் என்று பெரிதாகத் தெரிந்தாலும், பச்சைப்புல் செழித்த பருவத்தில் ஓர் ஏக்கருக்கு எத்தனை தடவை அதைக் கொட்ட வேண்டும் என்பதும், அத்தனை புல்லையும் எங்கே குவிப்பது என்பதும் வாங்கிய பிறகே உறைக்கும்.

மூன்றாவது வழி, புல்லை டெக்குக்குள்ளேயே சுழற்றித் தூளாக்கி மண்ணுக்கே திருப்பிவிடுவது. புல்வெளிக்கு வேண்டிய தழைச்சத்தில் கால் பங்கு வரை இதன் மூலம் திரும்பக் கிடைக்கும். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே முறையில் வெட்டாமலிருப்பதும், புல் உலர்ந்திருப்பதும் இதற்குக் கட்டாயம். அதாவது வளரும் பருவத்தில் வாரந்தோறும் வெட்டத் தயாராக இருப்பவருக்கு மட்டுமே இது பலன் தரும். பெரிய தோட்டத்தில் நான் விரும்புவது இதைத்தான். இலையுதிரும் மரங்கள் நிறைய இருந்தால் மட்டும் சேகரிக்கும் பெட்டியைக் கூடுதலாக மாட்டத்தக்க மாடலைப் பாருங்கள்.

பெட்ரோலா, பேட்டரியா

லித்தியம் பேட்டரி வகைகள் இப்போது விளையாட்டுப் பொருள்களல்ல. சத்தம் குறைவு, எண்ணெய் மாற்றம் இல்லை, பல மாடல்களில் ஒவ்வொரு பிளேடுக்கும் தனி மோட்டார் என்பதால் பெல்ட் அறும் தொல்லையும் இல்லை. ஓர் ஏக்கர் அளவில், வாரம் தவறாமல் வெட்டுபவருக்கு, கொட்டகையில் மின்இணைப்பும் இருந்தால் நான் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். வெளியூர் போய்விட்டு மாதம் ஒருமுறை வந்து முழங்கால் உயரப் புல்லை வெட்டுபவருக்கு இது ஒத்துவராது: உயர்ந்த ஈரப்புல், விளம்பரத்தில் சொன்ன பரப்பளவில் பாதியிலேயே பேட்டரியை உறிஞ்சிவிடும், மறுபடி ஏற்ற மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சில ஆண்டுகளில் பேட்டரியின் கொள்ளளவு குறையும் என்பதையும், மாற்றுப் பேட்டரி இயந்திர விலையில் பெரும்பங்கு என்பதையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். ஆகவே உங்கள் பரப்புக்குச் சரியாகப் பொருந்தும் பேட்டரியை வாங்காமல், ஒன்றரை மடங்கு தாங்குவதாகப் பாருங்கள். பெட்ரோலுக்கும் அதற்கேயுரிய நச்சரிப்பு உண்டு. ஒரு மாதத்துக்கு மேல் தொட்டியில் தேங்கிய பெட்ரோல் கெடத் தொடங்கி, கார்புரேட்டரைப் பிசினாக அடைக்கும். பருவம் முடிந்து நிறுத்தும்போது தொட்டியை வடித்துவிடுவதோ, கெடாமல் காக்கும் திரவம் கலப்பதோ கட்டாயம்.

தானே ஓடும் ரோபோ புல்வெட்டிகளையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்கச் சிலர் சொல்வார்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்து புல்லை ஒரே உயரத்தில் வைத்திருக்கும் வேலையை அவை நன்றாகவே செய்கின்றன. சில மாடல்கள் ஏறி ஓட்டும் எந்த இயந்திரமும் போகக்கூடாத சரிவிலும் ஏறுகின்றன. விழுந்த சுள்ளிகளும் இலைகளும் நிறைந்த, பல கதவுகளால் பிரிந்த தோட்டத்தில் அவற்றுக்குப் பின்னால் நாம்தான் ஓட வேண்டியிருக்கும்.

பழையதை வாங்குபவருக்கு

நன்றாகப் பேணப்பட்ட பழைய நல்ல இயந்திரம், புதிய மலிவான இயந்திரத்தைவிட மேல் என்று நம்புபவன் நான். பார்க்கப் போனதும் முதலில் எஞ்சின் மூடியின் மேல் கைவையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன் கிளப்பி வைத்திருக்கிறார்கள் என்று பொருள், ஆறும்வரை காத்திருங்கள். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போது நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகு, கையுறை போட்டுக்கொண்டு பிளேடின் இரு முனைகளையும் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லொடலொட என்று அசைந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. பிளேடைக் கழற்ற விட்டால் அதன் நடுத்துளையை ஓர் ஆணியில் தொங்கவிடுங்கள். ஒருபக்கம் சாய்ந்தால் கண்டபடி சாணை பிடித்திருக்கிறார்கள், அந்த அதிர்வை இத்தனை நாள் பேரிங்குகள் வாங்கியிருக்கின்றன. கடைசியாக அரைமணி நேரம் ஓட்டி நன்கு சூடேறிய பின்னர், அங்கிருக்கும் மேடான இடத்தில் ஏற்றிப் பாருங்கள். இருக்கையை விட்டு எழுந்தால் பிளேடு நிற்க வேண்டும். அந்த சுவிட்சைக் கம்பியால் இணைத்துச் செயலிழக்கச் செய்திருந்தால், அதை விற்பவர் வேறு எதையெல்லாம் அப்படிச் சமாளித்திருப்பார் என்று யோசித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

எங்கள் தோட்டத்துக்கு இரண்டாம் முறை வாங்கும்போது, அந்த 22 டிகிரி மூலைக்காக நான்கு சக்கர இழுவை கொண்ட முன்டெக் வகையை வாங்குவதா என்று நெடுநாள் தயங்கினேன். கையேட்டை வரவழைத்துப் பார்த்ததில் அந்தச் சரிவு அதன் எல்லைக்கும் அப்பாலிருந்தது. மீதித் தோட்டமோ கிட்டத்தட்டச் சமதளம், மரங்கள் ஒன்பதே ஒன்பது. எனவே புல்லைத் தூளாக்கும் வசதியோடு, பின்பக்கம் தள்ளும் 92 செ.மீ. டெக் கொண்ட ஹைட்ரோஸ்டாட்டிக் டிராக்டரையே வாங்கினேன், 120 செ.மீ. கதவில் கயிறு கட்டாமல் நுழைகிறது. பின் மூலையில் புல்லை எடுத்துவிட்டுத் தரையோடு படரும் புதர்ச்செடிகளை நெருக்கமாக நட்டோம். இரண்டு பருவத்தில் அவை மண்ணை மூடிவிட்டன. புல்வெட்டி இப்போது அந்தச் சரிவின் மேல் விளிம்புக்கு ஒன்றரை மீட்டர் முன்பாகவே திரும்பிவிடுகிறது.